அது சிலுவை அல்ல

"அது உனக்கு ஆண்டவர் கொடுத்த சிலுவைம்மா. சுமந்துதான் தீரணும்."

நம் சபைகளில் வீடு சந்திக்கப் போகிறவர்களின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஆறுதல் இது. கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று அழுகிறவளுக்கும் இதுதான், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறவருக்கும் இதுதான். மாமியாரின் வாய், மகனுக்கு அமையாத வேலை, மூட்டுவலி, கந்துவட்டிக் கடன் எல்லாமே சிலுவைதான். பிரசங்க மேடையிலிருந்து வருகிறது, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வருகிறது, லெந்து நாட்களில் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் நல்ல மனதோடு, கண் கலங்கித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் சொல்வது தவறு. வேதத்தை வைத்துப் பார்த்தாலும் தவறு, இயேசு நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பார்த்தாலும் தவறு. அதனால் விளையும் கேட்டைப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு.

இந்த வாக்கியம் யாரிடம் சொல்லப்படுவதில்லை என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சேகரக் கமிட்டியில் இருக்கும் வசதியான ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆஞ்சியோ நடக்கும், ஸ்டென்ட் வைப்பார்கள். மறுவாரம் ஸ்தோத்திர ஜெபத்தில், கர்த்தர் நல்ல டாக்டரைக் காட்டினார் என்று சாட்சி சொல்வார்கள். அந்த நெஞ்சுவலியை அவருக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. தீர்த்து வைக்க நமக்குப் பணமோ மனமோ துணிச்சலோ இல்லாத துன்பத்துக்கு மட்டும்தான் சிலுவை என்று பெயர் வைக்கிறோம்.

இயேசு தம் பின்னே வருகிறவன் தன் சிலுவையை எடுக்க வேண்டும் என்று சொன்னது உண்மை. எங்கே, யாரிடம், எதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்? பிலிப்பு செசரியா பகுதியில், தாம் எருசலேமுக்குப் போய் அதிகாரிகளின் கையில் கொல்லப்படப் போவதை முதல் முறையாக வெளிப்படையாகச் சொல்கிறார். பேதுரு தடுக்கிறான். அவனைக் கடிந்துகொண்ட கையோடு, கூட வர விரும்புகிறவர்களுக்கு அந்த நிபந்தனையை வைக்கிறார். விருப்பம் இருந்தால் வா, வந்தால் இதுதான் விலை என்பது அதன் பொருள். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்களுக்குச் சிலுவை என்பது உருவகம் அல்ல. ஏரோது ராஜா செத்த கி.மு. 4-ல் நடந்த கலகத்தை அடக்க வந்த ரோம ஆளுநர் வாரூஸ், ஏறக்குறைய 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று வரலாற்றாசிரியர் யோசேபு எழுதியிருக்கிறார். அதே படையெடுப்பில் கலிலேயாவின் செப்போரி நகரம் கொளுத்தப்பட்டு, அங்கிருந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நாசரேத்திலிருந்து செப்போரி ஒன்றரை மணி நேர நடைதான். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சிலுவை என்று சொன்னால் மூட்டுவலி ஞாபகத்துக்கு வந்திருக்காது. அரசாங்கத்தை எதிர்த்தவனுக்கு அரசாங்கம் கொடுத்த தண்டனைதான் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

ஆக, சிலுவை என்றால் நீதியின் பக்கம் நின்றதற்காகத் தேடி வரும் துன்பம். வேண்டாம் என்றால் விலகிப் போகலாம். தெரிந்தே விலகாமல் நிற்பதுதான் எடுத்துக்கொள்வது. நீரிழிவை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குடிகாரன் கையால் அடி வாங்குவதை அந்தப் பெண் எடுத்துக்கொள்ளவில்லை. லூக்கா மட்டும் 'அனுதினமும்' என்று சேர்த்திருக்கிறாரே, அப்படியென்றால் அன்றாடக் கஷ்டம்தானே என்று கேட்பார்கள். தினமும் எடுக்க வேண்டும் என்பதால் எடுக்கிற பொருள் மாறிவிடாது. அந்தத் துணிச்சலை ஒரு நாளோடு முடித்துக்கொள்ள முடியாது என்கிறார் லூக்கா, அவ்வளவுதான்.

துன்பத்தில் கிடந்த ஒருவரை நேரில் பார்த்தபோது இயேசு என்ன செய்தார் என்பதுதான் இதைவிடப் பெரிய சாட்சி. நான்கு சுவிசேஷங்களையும் புரட்டுங்கள். குஷ்டரோகி வருகிறான், திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள், பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடம் சொத்தைத் தொலைத்த பெண் கூட்டத்துக்குள் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். இத்தனை பேரில் ஒருவரிடமாவது, இது உன் சிலுவை, வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் சும என்று அவர் சொல்லியிருக்கிறாரா? ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் போதும், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் ஒரு கூனி வருகிறாள். பதினெட்டு வருஷமாக நிமிர முடியாதவள். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் இருக்கிறாள். சுகம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாள், அல்லது இது தன் விதி என்று அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். இயேசுதான் அவளைப் பார்த்து, கூப்பிட்டு, கை வைத்து நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம். அவன் கோபத்தை இயேசுவிடம் காட்டவில்லை, கூட்டத்திடம் காட்டுகிறான்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறது, அந்த நாட்களில் வந்து சுகமாகிக்கொள்ளுங்கள். பார்த்தால் நியாயமான பேச்சுதான். பதினெட்டு வருஷம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன? இயேசுவோ ஒரு நாள்கூடத் தவணை தரத் தயாராக இல்லை. ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்கிறார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறார்: அவளைக் கட்டி வைத்திருந்தவன் சாத்தான். அந்தக் கூனைக் கடவுள் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. நாம் சிலுவை என்று பெயர் வைக்கும் அதே பொருளுக்கு அவர் சாத்தானின் கட்டு என்று பெயர் வைத்தார். இருவரில் ஒருவர்தான் சரியாக இருக்க முடியும்.

எரிகோவில் பர்திமேயு கத்தியபோது, பேசாமலிரு என்று அதட்டியது இயேசுவின் கூட வந்த கூட்டம். நின்று கூப்பிட்டது இயேசு. நம் சபைகள் இந்தக் காட்சியில் எந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"பிறர் துன்பத்தை விடுங்கள், தம் துன்பத்தை ஆண்டவர் வாய் திறக்காமல் சகித்தாரே, அதுதானே நமக்கு மாதிரி" என்பார்கள். வாய் திறக்காமலா? நாசரேத்தில் மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனபோது கூட்டத்தினூடே நழுவிப் போனார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். கொல்லத் தேடுகிறார்கள் என்று தெரிந்து யூதேயாவுக்குப் போகாமல் கலிலேயாவிலேயே நடமாடினார். சீஷர்களை அனுப்பும்போது, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் அடுத்த பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னார். அடிக்கிற வீட்டை விட்டு வெளியேறத் துணியும் பெண்ணுக்கு இதைவிடத் தெளிவான அனுமதி வேறு என்ன வேண்டும்?

கடைசி இரவை எடுத்துக்கொள்வோம். கெத்செமனேயில் மூன்று முறை ஜெபிக்கிறார். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்பதுதான் முதல் வேண்டுதல். உமது சித்தம் என்பது அதற்குப் பிறகு வருகிறது. நாம் முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் நோயாளியின் கையில் கொடுக்கிறோம். அதே இரவில் அன்னாவின் முன் விசாரணையில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் அப்போது என்ன செய்தார்? நான் தவறாகப் பேசியிருந்தால் நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் எதற்கு அடித்தாய் என்று அவனையே கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. ஆனால் அந்த அடியை நியாயம் என்று ஏற்கவும் இல்லை. கன்னத்தில் வாங்கிய அடிக்குக் காரணம் கேட்பது அவிசுவாசம் என்றால் இயேசுவும் அவிசுவாசிதான்.

இதற்கெல்லாம் பதிலாக யோபுவின் பொறுமையைக் கொண்டுவருவார்கள். யோபு பொறுமையாக இருந்தது இரண்டே அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அங்கிருந்து தன் பேச்சை முடிக்கும்வரை ஆற்றாமை, வழக்கு, கடவுளையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் துடிப்பு. பொறுமையையும் மனந்திரும்புதலையும் போதித்தவர்கள் எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும். வந்த புதிதில் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. புத்தகத்தின் முடிவில் கடவுள், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த மூன்று பேர் மேல்தான் கோபப்படுகிறார். புலம்பியவன் சரியாகப் பேசினான், ஆறுதல் சொன்னவர்கள் தப்பாகப் பேசினார்கள் என்பது கடவுளின் தீர்ப்பு. வீடு சந்திக்கப் போகிறவர்கள் புறப்படும் முன் யோபு 42-ஐ ஒரு முறை வாசித்துவிட்டுப் போகலாம்.

நம் முன்னோர்கள் இந்தச் 'சிலுவை' ஆறுதலைக் கேட்டு அடங்கியிருந்தால் தென் திருவிதாங்கூரின் வரலாறே வேறாக இருந்திருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடார் பெண்களும் அவர்களைவிடத் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கத் தடை இருந்தது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணிந்தார்கள், மேலே தோள்சீலையும் போட்டார்கள். உயர்சாதியினர் சந்தையில் அவர்களின் துணியைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் கொளுத்தினார்கள். பல பத்தாண்டுகள் இழுத்த அந்தப் போராட்டத்தின் முடிவில் 1859-ல் உத்திரம் திருநாள் மகாராஜா மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்து ஆணையிட்டார். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது. தடையைச் சகித்தது அல்ல, தடையை மீறியதால் வாங்கிய அடிதான் அந்தப் பெண்களின் சிலுவை. இந்த வித்தியாசம் இன்றைய பிரசங்கிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தெளிவு எல்லா விஷயத்திலும் நமக்கு இருந்ததில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் கட்டி, செத்த பிறகும் தலித் கிறிஸ்தவரை ஒதுக்கி வைத்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமையும் அவர்களுக்குக் கிடையாது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. அவர்களிடமும் பொறுமைதான் போதிக்கப்படுகிறது. போதிப்பவர் எந்தச் சாதி என்று கேட்டால் சபை ஒற்றுமையைக் குலைக்கிறாய் என்பார்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வாதம் உண்டு. வலி நம்மைச் செம்மைப்படுத்தக் கடவுள் தரும் வரம். வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்டே அப்படி எழுதியிருக்கிறார் என்பார்கள். பிராண்டை இழுத்தால் வசமாக மாட்டிக்கொள்வது அவர்கள்தான். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுத் தேய்கின்றன என்று கண்டுகொண்டார். சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் குறைந்தது. காவலிருந்து பார்த்தால், தூங்குகிறவர்களின் விரலை எலி கடிக்கிறது, அவர்களுக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். வலி வரம் என்று பிராண்ட் சொன்னது இந்த அர்த்தத்தில்தான். கையை எடு, எலி கடிக்கிறது என்று சொல்வது வலியின் வேலை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொல் என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. பிராண்ட் செய்த வேலையும் அதுதான்: மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். மடங்கிய கை சிலுவை என்று நம்பியிருந்தால் கத்தியைத் தொட்டிருக்க மாட்டார்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1847-ல் எடின்பரோவில் டாக்டர் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறதே என்று எதிர்த்தார்கள். பக்திமானான சிம்சன் அதே ஆதியாகமத்தைத் திருப்பிக் காட்டினார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுள் அவனை அயர்ந்த தூக்கத்தில் ஆழ்த்தவில்லையா? ஆண்களுக்கு மயக்க மருந்து, பெண்களுக்கு வசனம் என்ற வழக்கம் ஆதியிலிருந்தே இருக்கிறதோ என்னவோ.

இனி நியாயமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். தீராத துன்பம் இருக்கிறதே? மருத்துவம் கைவிரித்த புற்றுநோய்க்கு என்ன சொல்வாய்? பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை கேட்டும், கிருபை போதும் என்ற பதில்தானே கிடைத்தது? ஆமாம். ஆனால் முள்ளைப் பவுலும் சாத்தானின் தூதன் என்றுதான் அழைக்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று முறை கேட்டிருக்கிறார். மேலும் அந்தப் பதில் பவுலுக்கே நேரடியாக வந்தது, அதை நமக்குச் சொன்னதும் பவுல்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உனக்குக் கிருபை போதும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போகவில்லை. நோயாளி தன் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொன்னால் தலைவணங்குவேன். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கிடையாது. கொல்கத்தாவின் அன்னை தெரசா தாமே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. வேதனையில் துடித்த நோயாளியிடம், இயேசு உன்னை முத்தமிடுகிறார் என்று சொன்னாராம். அப்படியானால் முத்தமிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். தெரசாவின் சேவையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த உரையாடலில் கெத்செமனேயின் மொழியில் பேசியது அந்த நோயாளிதான்.

துன்பத்துக்கு மீட்பளிக்கும் பொருள் உண்டு என்று போப் இரண்டாம் யோவான் பவுல் 1984-ல் ஒரு முழு மடலே எழுதினார். அதைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் கடைசிப் பகுதிக்கு வரும்முன் மூடிவிடுகிறார்கள் போலும். அது போய்ச் சேரும் இடம் நல்ல சமாரியன். எண்ணெய், திராட்சரசம், கழுதை, சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு காசு, மிச்சத்துக்குக் கடன்சொல். இதில் ஆறுதல் வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. விலகிப் போன ஆசாரியனும் லேவியனும்கூட ஒரு வகையில் தேவலை. பிரசங்கம் பண்ணாமலாவது போனார்கள்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் சிலுவைப்பாதை செய்கிறார்கள். பதினான்கு நிலைகளில் ஐந்தாவதில் சிரேனே ஊர் சீமோன் சிலுவையை வாங்கிக்கொள்கிறான். அவனாக முன்வரவில்லை, படைவீரர்கள் பிடித்து ஏற்றினார்கள் என்பதும் உண்மைதான். எப்படியானாலும், உலகத்திலேயே சிலுவை என்று சொல்ல முழுத் தகுதி உள்ள அந்த ஒரே சிலுவையைக்கூட இயேசு கடைசிவரை தனியாகச் சுமக்கவில்லை. ஐந்தாம் நிலையில் முழந்தாளிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, உன் சிலுவையை நீதான் சுமக்கணும் என்று இன்னொருவரிடம் எப்படிச் சொல்ல முடிகிறது?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வசனம் பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம். முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியுங்கள், அநியாயமாகப் பாடுபட்டாலும் கிறிஸ்துவைப் போலச் சகியுங்கள் என்று வேலைக்காரருக்குச் சொல்கிறது. அமெரிக்காவில் அடிமைகளுக்கு விரும்பிப் போதிக்கப்பட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஓடினால் பிடித்துக் கொடூரமாகத் தண்டிப்பார்கள், வழக்குப் போட நீதிமன்றம் இல்லை, வேறு வழியே இல்லாத ரோம வீட்டு அடிமைக்கு எழுதப்பட்டது அது. வழி இருந்தபோது அதே காலத்து அப்போஸ்தலர் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட பவுலை மறுநாள் கமுக்கமாக விட்டுவிடப் பார்த்தார்கள். ரோமக் குடிமகனை அடித்துவிட்டு ரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நகர மறுத்தார். அவர்கள் வந்தார்கள், கெஞ்சினார்கள். எருசலேமில் சவுக்கடிக்குக் கட்டியபோது குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். கடைசியில் இராயனுக்கே அப்பீல் செய்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. பவுலுக்கு இருந்த வழியைப் பவுல் பயன்படுத்தினால் சாமர்த்தியம், அவள் பயன்படுத்தினால் கீழ்ப்படியாமையா?

பேதுருவின் நிருபம் அந்த இடத்தோடு முடியவும் இல்லை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் மனைவிகளுக்குச் சொன்ன கீழ்ப்படிதல் நம் வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆறு வசனம் தள்ளி ஏழாவதில், மனைவிக்குரிய கனத்தைக் கொடாத புருஷனின் ஜெபம் தடைபடும் என்று கணவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அடி வாங்கியவளிடம் சிலுவையைப் பற்றிப் பேச ஆள் மேல் ஆள் போகிறார்கள். அடித்தவனை, அவன் கமிட்டி மெம்பராகவே இருந்தாலும், தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து இந்த ஏழாம் வசனத்தை வாசித்துக் காட்டிய சேகரகுருவைப் பற்றி நான் இன்னும் கேள்விப்படவில்லை.